மல்லீஸ்வரிக்காக ஒரு பாஷை

உக்காருங்கக்கா, இந்த சீட்டு காலிதான். வழக்கமா சுகந்தின்னு ஒருத்தி உக்காருவா, அவளுக்கு நேத்து வளைகாப்பு, இனிமே அவ எங்க வரப்போறா. பையை மேல போட்டுடுங்க, மடியில வெச்சா பள்ளம் வர்றப்பல்லாம் முட்டிக்கும். கம்பெனி போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும். நடுவுல கூட்ரோட்ல டிரைவரு டீ குடிக்க நிப்பாரு.

இன்னிக்குத்தான் சேர்றீங்களா? நெனச்சேன். ஐடி கார்டு புதுசா பளபளன்னு தொங்குதே. எந்த லைன்னு சொன்னாங்க?

நாலா?

போச்சு. மல்லீஸ்வரி லைனு.

பயந்துடாதீங்க. வேலை ஒண்ணும் கஷ்டம் இல்ல, பத்து நாள்ல கை பழகிடும். ஆனா நான் சொல்றதை ஒருவாட்டி காதுல வாங்கி வெச்சுக்குங்க. அந்த மல்லீஸ்வரி இருக்காளே, சூப்பர்வைசரு, அவ என் ஜென்ம விரோதி. அவ நல்லா இருக்கக் கூடாதுன்னு நான் வேண்டிக்காத சாமி இந்த ஜில்லாவுல இல்ல. அவளைப் பழி வாங்கறதுக்குன்னே ஒரு பாஷை படிச்சவ நான். சைனா பாஷை. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். எட்டாங்கிளாஸ்ல இங்கிலீஷ்ல ஃபெயிலாகி பள்ளிக்கூடத்தை விட்ட இந்த அம்சா சைனா பாஷை பேசுவா. கம்பெனியில யாரை வேணா கேளுங்க.

எப்படின்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன், முக்கா மணி நேரம் இருக்குதே.

ஆறு வருஷம் நாலாம் லைன்ல மிஷின்ல உக்காந்தவ நான். ஷூவோட மேல்பாகத்துல கம்பெனி சின்னத்தை வெச்சுத் தைக்கற வேலை. வெட்டின துண்டுங்க பன்டல் பன்டலா வரும். இடது காலுக்குப் பச்சை ரப்பர் பேண்டு, வலது காலுக்கு மஞ்சள் ரப்பர் பேண்டு. அடையாளம் அது ஒண்டிதான். மத்தபடி ரெண்டு துண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சின்னம் வெளிப்பக்கம் வரணும், அதான் கணக்கு. உள்பக்கம் போயிட்டா ஷூ குப்பைக்குத்தான்.

எனக்கு ஒரு பழக்கம், மேசை சுத்தமா இருக்கணும். பன்டல் வந்ததும் ரெண்டு பேண்டையும் உருவி வளையல் மாதிரி கையில மாட்டிக்குவேன். தைச்சு முடிச்சதும் திரும்பப் போட்டு அனுப்புவேன். அது பொறுக்காது மல்லீஸ்வரிக்கு. ‘அம்சா, தைச்சு முடிக்கற வரைக்கும் பேண்டை உருவாதே’ன்னு வந்து வந்து சொல்லுவா. ஒருவாட்டி இல்ல, பத்துவாட்டி சொல்லிருப்பா. வேண்டாத பொண்டாட்டி கை பட்டாலும் குத்தம், கால் பட்டாலும் குத்தம். எனக்கு என் கை தெரியாதா?

போன வருஷம் ஆடி மாசம். நாலு நாளா எனக்குக் காய்ச்சல். அவசர ஆர்டர், லீவு போட்டா மூஞ்சியக் காட்டுவாங்கன்னு மாத்திரையப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். ‘இன்னாடி கண்ணு இப்படிச் செவந்திருக்கு, வீட்டுக்குப் போ’ன்னா மல்லீஸ்வரி. போனா என் மிஷின்ல வேற ஆளைப் போட்டுடலாம்னு அவளுக்கு ஆசை. நான் போவேனா? காய்ச்சல் உடம்புக்குத்தானே, கைக்கா காய்ச்சல்? எப்பவும் போலத்தான் தைச்சேன். சாயங்காலம் பாத்தா முன்னூத்தி இருவது ஜோடியில சின்னம் உள்பக்கம் இருக்கு. இடது வலதாப் போயிருக்கு, வலது இடதாப் போயிருக்கு. இது எப்படி நடக்கும், நீங்களே சொல்லுங்க. அவ பன்டலை மாத்திக் குடுத்திருக்கா. வேற எப்படி நடக்கும்?

எங்க செக்ஷனுக்குப் பெரியவரு லின் சார்னு ஒரு சைனாக்காரர். ஒரு ஷூவைக் கையில தூக்கிக்கிட்டு வந்து என் முன்னாடி நின்னு கத்தினாரு பாருங்க, நெத்தி நரம்பெல்லாம் புடைச்சுக்கிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கு வாய் இருக்கு, பதிலும் இருக்கு, பாஷை இல்ல. லைன்ல நூத்தி முப்பது பேரு மிஷினை நிறுத்திட்டு என்னையே பாக்கறாங்க.

அப்புறம் மல்லீஸ்வரியக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. உள்ள லின் சாரு, மல்லீஸ்வரி, நடுவுல பேசறதுக்கு அருள்தாஸ் சாரு. அருள்தாஸ் சார் சைனாவுல டாக்டருக்குப் படிச்சவரு. இங்க திரும்பி வந்து எழுத வேண்டிய பரீட்சையை மூணுவாட்டி எழுதியும் தேறல, அதனால இப்ப ஷூ கம்பெனியில மொழிபெயர்ப்பாளரு. வெளியில இருந்து பாத்தா எல்லாம் தெரியும், ஒண்ணும் கேக்காது, அப்படி ஒரு ரூம் அது. நான் என் கண்ணால பாத்தேன்க்கா. அவ கையை நீட்டி என்னைக் காட்டறா. ஒருவாட்டி இல்ல, நாலுவாட்டி. அப்புறம் தன் நெத்தியில கைய வெச்சுக் காட்டறா. நான் மூளை இல்லாதவளாம், வேற இன்னா.

மறுநாள் காலையில என் மிஷின்ல வேற பொண்ணு. என்னைக் கொண்டுபோய் நூல் வெட்டற மேசையில உக்கார வெச்சா மல்லீஸ்வரி. தைச்ச ஷூவுல தொங்கற நூலைக் கத்தரியால வெட்டணும், அவ்வளவுதான் வேலை. நேத்து சேந்த பொண்ணுங்க செய்யற வேலை. ‘இன்னாக்கா இது’ன்னு கேட்டேன். ‘வாய மூடிக்கிட்டு வெட்டு அம்சா, எதுவும் பேசாதே’ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. மூஞ்சியக் கூடப் பாக்கல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்கும்னு சும்மாவா சொன்னாங்க?

அன்னியில இருந்து என் பேரு ‘உள்சைடு அம்சா’. இதே பஸ்ல, இதே சீட்டுல நான் உக்காந்தா பின்னாடி இருந்து ‘உள்சைடுல உக்காரு அம்சா’ன்னு ஒரு குரல் வரும், பஸ்ஸே சிரிக்கும். ஆறு வருஷம் தைச்சதுல ஒரு தையல் பிசகினதில்ல நான். எனக்கு அந்தப் பேரு. வீட்டுக்குப் போனா சோறு இறங்கல. எம் புருஷன், ‘உட்றி, வேற கம்பெனி பாத்துக்கலாம்’னாரு. நான் உடுவேனா? என் மிஷின் அங்க இருக்கு. என் பேரு அங்க கெட்டிருக்கு. அந்த லின் சாருகிட்ட, அவரு பாஷையில, நடுவுல ஆள் இல்லாம, நடந்ததைச் சொல்லணும். தப்பு என்னுது இல்ல, அவளுதுன்னு என் வாயால சொல்லணும். அருள்தாஸ் சார் மூலமா சொல்லலாம்தான். ஆனா அவரு மல்லீஸ்வரிக்குப் பக்கத்து ஊரு. நம்ம ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணு சொல்லுவாரு.

அஞ்சு மாசம் கழிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் கேன்டீன்ல சைனா பாஷை வகுப்பு, ஆறு மாசம். கடைசியில லின் சாரே நேர்ல உக்காந்து வாய்ப் பரீட்சை வெப்பாரு. தேறினா லைனுக்கு ஒருத்தரு ‘மொழி உதவியாளரு’. நீலக் கைப்பட்டை குடுப்பாங்க. மொத ஆளாப் பேரு குடுத்தேன். ‘உள்சைடு அம்சா சைனாவுக்குப் போறாடி’ன்னு ஒரே சிரிப்பு.

வாத்தியாரு அதே அருள்தாஸ் சாரு. அவரு ஒரு சட்டம் வெச்சாரு. புத்தகத்துல இருக்கற உதாரணம் எதையும் சொல்லக் கூடாது. ‘யாரோ ஒருத்தன் ஆப்பிள் வாங்கினா உங்களுக்கு இன்னா? உங்க வாழ்க்கையில நடந்ததைச் சொல்லுங்க, நிஜத்தைச் சொல்லுங்க, அப்பத்தான் மண்டையில ஏறும்’னாரு. வாராவாரம் ஆளுக்கு அஞ்சு வாக்கியம் எழுந்து நின்னு சொல்லணும். இதுதான் வேணும்னு நெனச்சேன் நான்.

ஆனா மொத மாசம் முழுக்க ‘நீ நல்லா இருக்கியா, நான் நல்லா இருக்கேன், நான் இந்தியாக்காரி’. இதை வெச்சுக்கிட்டு யாரைத் திட்டறது? ரெண்டாவது மாசம் ‘தா பு ஹாவ்’ கத்துக்கிட்டேன். அவ நல்லவ இல்லன்னு அர்த்தம். அதையே அஞ்சுவாட்டி சொன்னேன். அருள்தாஸ் சாரு, ‘ஒரே வாக்கியத்தை அஞ்சுவாட்டி சொன்னா அஞ்சு வாக்கியம் ஆகாதும்மா’ன்னாரு. வயித்துல ஒரு மூட்டை கோவம் இருக்கு, வெளிய எடுக்க ஒரு ஸ்பூன்தான் இருக்குன்னா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

மூணாவது மாசம்தான் வழி பொறந்துச்சு. ஒரு சனிக்கிழமை போர்டுல அஞ்சு எழுத்து எழுதினாரு. ‘இன்னிக்கு ஒண்ணு மேல ஒண்ணு சேக்கற வார்த்தைங்க’ன்னாரு. யே, ஹாய், யோ, ஜாய், டோ. இன்னிக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். உங்களுக்கும் சொல்றேன், நாளைக்கு உதவும்.

மொதல்ல யே. அது நம்ம ‘உம்’ மாதிரி. நானும் வர்றேன், அவளும் வர்றா. ஆனா நாம பேரோட ஒட்டிடுவோம், அவங்க ஒட்டமாட்டாங்க. ஆளைச் சொல்லணும், அப்புறம் யே, அப்புறம் செய்யற வேலை. ‘வோ யே ச்சூ’, நானும் போறேன். யேவைத் தூக்கி முன்னாடி வெச்சா சாரு ஸ்கேலால போர்டைத் தட்டுவாரு. அப்புறம் ஹாய். அதுன்னா, சொன்னது போதாது, அதுக்கு மேல இன்னும் ஒண்ணு இருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை. அவ இதைப் பண்ணா, ஹாய், அதைப் பண்ணா, ஹாய், இன்னொண்ணும் பண்ணா. அடுத்தது யோவும் ஜாயும். ரெண்டுமே மறுபடியும்னுதான் அர்த்தம். ஆனா யோ வந்து ஏற்கெனவே மறுபடியும் நடந்துபோனது. ஜாய் வந்து இனிமே மறுபடியும் நடக்கப்போறது. கூட இருந்த ருக்குவுக்கு இது புரியவே இல்ல, ரெண்டு வாரம் மாத்தி மாத்தி உளறினா. எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. அவ என்னை மறுபடி திட்டினது யோ. நான் அவளை மறுபடி சும்மா விடமாட்டேங்கறது ஜாய். வஞ்சம் வெச்சவளுக்கு இதெல்லாம் பாடமா? கடைசியா டோ. டோன்னா எல்லாம், ஒண்ணு விடாம. யாரைச் சொல்றோமோ, எதைச் சொல்றோமோ அதை முன்னாடி வெச்சுட்டு அப்புறம் டோ போடணும். அவங்க எல்லாருமே அவ பக்கம். அப்படி.

அன்னிக்கு அஞ்சு வாக்கியம் சொல்லச் சொன்னாரு. ருக்கு எழுந்து, ‘நான் தோசை சாப்பிட்டேன், இட்லியும் சாப்பிட்டேன்’னா. நான் எழுந்தேன். ‘அவ பொய் சொன்னா. என் மிஷினையும் புடுங்கினா. அதுக்கு மேல இன்னும் சிரிக்கறா. நேத்து மறுபடியும் என்னைத் திட்டினா. லைன்ல எல்லாருமே அவ பக்கம்.’ சைனா பாஷையிலதான்க்கா, தப்பு இல்லாம. கேன்டீனே கை தட்டிச்சு. யாரைச் சொல்றேன்னு எல்லாருக்கும் தெரியுமே.

அருள்தாஸ் சார் மட்டும் கை தட்டல. ‘வேற ஏதாவது சொல்லுங்க அம்சா. வீட்டைப் பத்தி, புள்ளைங்களைப் பத்தி.’

‘நீங்கதானே சார் நிஜத்தைச் சொல்லச் சொன்னீங்க.’

‘அது நிஜம்னு உங்களுக்குத் தெரியுமா?’

‘எனக்கு நடந்தது எனக்குத் தெரியாம வேற யாருக்கு சார் தெரியும்?’

அவரு சுத்தமா இருந்த போர்டையே மறுபடி தொடச்சாரு. பக்கத்து ஊருப் பாசம் விடுமா?

அப்புறம் வாராவாரம் அதுதான். அஞ்சு வாக்கியம் எட்டாச்சு, எட்டு பன்னெண்டாச்சு. நான் சொல்றதெல்லாம் மல்லீஸ்வரி காதுக்குப் போகும், போகணும்னுதானே சொன்னேன். அவ ஒண்ணும் கேக்கல. அது மட்டுமில்ல, சனிக்கிழமையானா ஷிப்ட் முடிய பத்து நிமிஷம் முன்னாடியே மேசைக்கு வந்து, ‘போ அம்சா, மூஞ்சி கழுவிட்டு வகுப்புக்குப் போ’ம்பா. என்னைக் கண்ணுல பாக்கவே முடியல அவளால, பாத்தீங்களா. ஒருநாள் மேசையில ஒரு புது நோட்டும் ரெண்டு பேனாவும் இருந்துச்சு. ‘யாரு வெச்சது’ன்னு கேட்டேன், ‘சூப்பர்வைசரக்கா’ன்னாங்க. லஞ்சம்! அந்த நோட்டுலயே அவளைத் திட்டி நாப்பது பக்கம் எழுதினேன்.

தோ, கூட்ரோடு வந்துடுச்சு. டீ வேணுமாக்கா? வேணாமா? சரி, நானும் இறங்கல.

இருவது பேரு சேந்தோம் வகுப்புல, கடைசிவரைக்கும் நின்னது ஆறு பேரு. பரீட்சை அன்னிக்குக் கண்ணாடி ரூமுக்குள்ள போனேன். அதுவரைக்கும் வெளிய நின்னு பாத்த ரூமு. லின் சாரு, ஹெச்.ஆர். மேடம், அருள்தாஸ் சாரு. ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ன்னாரு லின் சார். பேரு, ஊரு, ரெண்டு பொண்ணுங்க, மூணே வாக்கியம். அப்புறம் ஆரம்பிச்சேன் பாருங்க. போன வருஷம் ஆடி மாசம் நடந்தது. தப்பு என்னுது இல்ல. மல்லீஸ்வரி பன்டலை மாத்திக் குடுத்தா. இந்த ரூமுக்கு வந்து என் மேல கையையும் காட்டினா. அதுக்கு மேல என் மிஷினையும் எடுத்துக்கிட்டா. எனக்கு எல்லாரும் பட்டப்பேரு வெச்சாங்க. ஆறு மாசம் சேத்து வெச்சது அக்கா, ஒண்ணு மேல ஒண்ணு, மூச்சு விடாம. அருள்தாஸ் சார் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்த அழகைப் பாக்கறதுக்கே இன்னும் ரெண்டு வாக்கியம் சேத்துக்கிட்டேன்.

லின் சாரு முழுசாக் கேட்டாரு. நடுவுல ஒரே ஒருவாட்டி என் உச்சரிப்பைத் திருத்தினாரு. அப்புறம் சொன்னாரு: ‘வோ ஜிதாவ். தா டோ ஷுவோ லெ.’

எனக்குத் தெரியும். அவ எல்லாத்தையும் சொல்லிட்டா.

ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுதுக்கா. புரியாமப் போயிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.

நான் முழிச்சதைப் பாத்துட்டு அவரு அருள்தாஸ் சாரைச் சொல்லச் சொன்னாரு. அருள்தாஸ் சாருக்கு அழுகையே வந்துடும் போல இருந்துச்சு. ‘யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மல்லீஸ்வரியம்மா சத்தியம் வாங்கினாங்க அம்சா. அன்னிக்கு லின் சார் உங்களை அப்பவே வேலைய விட்டு அனுப்பச் சொன்னாரு. அவங்கதான், பன்டலை நான்தான் மாத்திக் குடுத்தேன், தப்பு என்னுதுன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது, அதோட மிஷின்ல உக்கார வெச்சதும் நான்தான்னாங்க. அனுப்பாதீங்க, நூல் வெட்டற மேசையில போடுங்க, கொஞ்ச நாள்ல மிஷினைக் குடுத்துக்கலாம்னு கெஞ்சினாங்க. அதுக்காகத்தான் அவங்க பேரை சைனா லிஸ்ட்ல இருந்து அடிச்சாங்க.’

சைனா லிஸ்ட்டுன்னா, வருஷத்துக்கு ரெண்டு சூப்பர்வைசரை அங்க இருக்கற ஃபேக்டரிக்கு மூணு மாசம் பயிற்சிக்கு அனுப்புவாங்க. வந்தா அடுத்த பதவி. மல்லீஸ்வரி திருப்பதிக்கு அந்தாண்ட போனதில்ல. பாஸ்போர்ட்டு எடுத்து, ஸ்வெட்டர் வாங்கி, எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருந்தா போன வருஷம். ஆடி மாசத்துக்கு அப்புறம் அவ அதைப் பத்திப் பேசல. ‘எங்க வீட்டுக்காரரு வேணாம்னுட்டாரு’ன்னா. நாங்களும் நம்பிட்டோம்.

நீங்க இன்னா நெனக்கறீங்கன்னு தெரியுது. அவ எவ்வளவு நல்லவன்னு நெனக்கறீங்க. அங்கதான் தப்புப் பண்றீங்க. மொதல்ல ஒண்ணு, தப்பு என்னுதுன்னு அவளே ஒத்துக்கிட்டாளா இல்லையா? அப்ப தப்பு அவளுதுதானே? பேண்டு, பன்டலு, அதையெல்லாம் விடுங்க, இப்ப எதுக்கு அது. ரெண்டாவது, நான் கேட்டனா? அம்சா உன்னைக் காப்பாத்தவான்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டாளா? ஒரு வருஷம் நான் அவளைச் சபிச்சிருக்கேன்க்கா. மாரியம்மன் கோயில்ல அவ பேருக்கு மிளகாய் அரைச்சிருக்கேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுச் சும்மா நின்னிருக்கா. பத்து நிமிஷம் முன்னாடி அனுப்பி வெச்சிருக்கா. நோட்டு வாங்கிக் குடுத்திருக்கா. நான் அவளைத் திட்டறதுக்கு அவளே நோட்டு வாங்கிக் குடுத்திருக்கா! என்னை இதுக்கு மேல யாராவது அசிங்கப்படுத்த முடியுமா, சொல்லுங்க. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஒரு மனுஷிக்கு வஞ்சம் தீத்துக்கக் கூட இடம் இல்லாமப் பண்ணிட்டா பாவி.

பரீட்சையில நான்தான் மொத மார்க்கு. நீலப் பட்டை குடுத்தாங்க. அதே நாலாம் லைன்ல, மல்லீஸ்வரி பக்கத்துல நிக்கணும், லின் சார் சொல்றதை அவகிட்டச் சொல்லணும், அவ சொல்றதை அவருகிட்டச் சொல்லணும். எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட நான் காட்டிக்கல. அருள்தாஸ் சார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டேன். இருடி, உனக்கு வெக்கறேன்டின்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டே இருந்தேன்.

மாட்டினா. போன மாசம் மாட்டினா.

புது மாடல் ஷூ ஒண்ணு வந்துச்சு. பழையதுக்கு இஞ்சுக்கு எட்டுத் தையல், புதுசுக்குப் பத்து. காலையில லின் சார் என்கிட்டச் சொன்னாரு, நான் அவகிட்டச் சொன்னேன். தெளிவாச் சொன்னேன். ‘பத்தா, சரி சரி’ன்னா. ஆனா அன்னிக்குத்தான் அவளுக்கு விசா வந்துச்சு. இந்த வருஷம் மறுபடியும் அவ பேரை லிஸ்ட்ல போட்டிருந்தாங்க. போன்ல விசாவைக் காட்டிக் காட்டி இந்த லைனுக்கும் அந்த லைனுக்கும் சின்னப்புள்ள மாதிரி ஓடிட்டு இருந்தா. மறந்துட்டா. மத்தியானம் பாத்தா மலை மாதிரி குவிஞ்சிருக்கு, அத்தனையும் எட்டுத் தையல்.

லின் சார் வந்தாரு. அதே நெத்தி, அதே நரம்பு. மல்லீஸ்வரி மூஞ்சி வெள்ளை சுண்ணாம்பு ஆயிடுச்சு. அருள்தாஸ் சார் அன்னிக்கு லீவு. அவருக்கும் அவளுக்கும் நடுவுல நான் ஒருத்திதான். லின் சார் என்கிட்டக் கேட்டாரு, ‘நீ இவகிட்டச் சொன்னியா இல்லையா?’

அக்கா, ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. ஒரே ஒரு வார்த்தை. சொன்னேன்னு சொன்னாப் போதும். நிஜம் அது. லிஸ்ட்ல இருந்து ரெண்டாவது வாட்டி பேரு போகும், சூப்பர்வைசர் வேலையும் போகும். எந்தச் சாமிகிட்ட எதைக் கேட்டனோ அது அப்படியே என் நாக்கு நுனியில வந்து நிக்குது.

‘ஷி வோ த த்ஸோ’ன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது. எட்டுன்னு நான்தான் தப்பா மாத்திச் சொல்லிட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது.

லின் சார் என்னையே பாத்தாரு. ‘நிஜமாவா?’ன்னாரு. ‘நிஜம்தான்’னேன். அவரு முட்டாள் இல்ல. ஆனா எழுதிக்கிட்டாரு. மொழி தெரியாத மொழி உதவியாளரு எதுக்குன்னு அன்னிக்கே பட்டையக் கழட்டச் சொல்லிட்டாங்க. மறுபடி நூல் வெட்டற மேசை. இப்பவும் அங்கதான் இருக்கேன். ரப்பர் பேண்டைக் கண்டா மட்டும் தொடறதில்ல.

இருங்க, பழி வாங்கினதை இன்னும் சொல்லலையே.

நாங்க பேசினது அவளுக்கு ஒரு எழுத்துப் புரியல. ‘அம்சா, இன்னாடி சொன்னே, அவரு இன்னா சொன்னாரு’ன்னு கேட்டா. நான் நிமிந்து நின்னேன். ‘உன் வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளத்துல ஏத்திட்டேன். நீ விசாவைக் காட்டிக்கிட்டு ஊர் சுத்தினே, நான் சொன்னதைக் காதுல வாங்கலைன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். அவருதான் பெரிய மனசு பண்ணி இந்த ஒருவாட்டி மன்னிச்சு விடறாராம். போய்த் தொலை.’ பட்டை எங்கன்னு மறுநாள் கேட்டாங்க லைன்ல. ‘அவ பக்கத்துல நிக்கவே அருவருப்பா இருக்கு, நானே கழட்டிக் குடுத்துட்டேன்’னு அவ காது கேக்கச் சொன்னேன்.

அவ கண்ணுல தண்ணி நின்னுச்சுக்கா. ‘மறந்தது என் தப்புதான் அம்சா. ஆனா நீ இப்படிப் பண்ணுவேன்னு நெனக்கல’ன்னா. எனக்கு எப்படி இனிச்சுது தெரியுமா! ஒரு வருஷம் நான் எரிஞ்சேன்ல. எதுவும் தெரியாம, ஒரு நல்லவளைத் திட்டிக்கிட்டு, முட்டாள் மாதிரி எரிஞ்சேன்ல. இப்ப அவ எரியட்டும். இப்பல்லாம் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. மேசைப் பக்கம் வர்றதில்ல. என் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறாளாம். எடுத்த காரியத்தை முடிச்சுட்டேன்ல?

இன்னாக்கா, அப்படிப் பாக்கறீங்க? கண்ணா? தூசி. ஜன்னலைச் சாத்துங்க.

தபாருங்க. இதை உங்ககிட்ட ஏன் சொன்னேன்னே தெரியல, வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. நீங்க இன்னிக்கு அவ லைன்ல நிக்கப்போறீங்க. நல்லாத்தான் வெச்சுக்குவா, சாப்பிட்டியான்னு கேப்பா, நீங்களும் உருகிடுவீங்க, அம்சா சொன்னா பாவம்னு ஆரம்பிச்சுடுவீங்க. கூடாது. ஞாயித்துக்கிழமை அவ ஏரோப்ளேன் ஏறறா. அதுவரைக்கும் இந்தப் பேச்சு உங்க வாயில இருந்து வந்துச்சுன்னு வெச்சுக்குங்க, உங்களை நான் சும்மா விடமாட்டேன். எனக்கு அந்தக் கழுதையத் தெரியும். தெரிஞ்சுதுன்னா நேரா லின் சார்கிட்டப் போய் நின்னு, தப்பு என்னுது, அம்சா மேல இல்லன்னு சொல்லி, விசாவைக் கிழிச்சுப் போட்டுட்டு என் பக்கத்துல வந்து நூல் வெட்ட உக்காந்துடுவா.

இறங்குங்க, கம்பெனி கேட்டு வந்துடுச்சு. அதோ, வாசல்ல சாவிக்கொத்தோட நிக்கறா பாருங்க, அவதான். எங்கூடப் பேசிக்கிட்டு வந்தீங்கன்னு காட்டிக்காதீங்க. நீங்க முன்னாடி போங்க, நான் அப்புறமா வர்றேன்.